அம்மா கண்ட கொல்லிமலைப் பூங்கா



பூங்கா என்றதும் உங்கள் நினைவில் உதகமண்டலம் தோன்றக்கூடும். 1848இல் உருவாகத் தொடங்கிய அத்தாவரவியல் பூங்காவுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், வாசலூர்ப்பட்டியில் இருக்கும் பூங்காவுக்கு அத்தகைய பழம்பெருமை கிடையாது. எனினும் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். காரணம், என் தாயார்.

மர்ஹூம் அத்தா அவர்கள் இராசிபுரத்தில் மிளகு வியாபாரம் செய்தவர்கள். சரக்கு முழுவதும் கொல்லிமலையிலிருந்து வரும். அதை முற்றத்தில் உலர்த்திப் புடைத்தவர்கள் அம்மா. அந்த வருமானத்தில்தான் நான் கலைப் பட்டதாரியானேன். மலையைக் காண வேண்டுமென்று அம்மா கேட்கும்போதெல்லாம் அத்தா, "இன்ஷா அல்லாஹ், அடுத்த வருடம்" என்பார்கள். அவர்கள் மவுத்தான பின்னர், அதே பதிலை நானும் பன்னிரண்டு ஆண்டுகள் கூறிவந்தேன். இதற்கிடையில் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

சென்ற டிசம்பரில் ஒருவாறு புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அம்மா விடாமல் எண்ணினார்கள். (முதியோரை அழைத்துச் செல்வோர் காலை உணவைக் குறைத்துக்கொள்வது நலம்.) செம்மேட்டைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். சில்வர் ஓக் மரமொன்றில் மிளகுக்கொடி படர்ந்திருந்தது. பச்சைச் சரமொன்றை உள்ளங்கையில் ஏந்தி, "இதுதானா தம்பி?" என்று கேட்டார்கள். முப்பது வருடம் மிளகு புடைத்த கை அது.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். பிள்ளைகள் அங்கே சென்றனர். அம்மாவும் நானும் வாசலூர்ப்பட்டிப் பூங்காவில் தங்கினோம். மலர்ப் பாத்திகள், புல்தரை, அருகே படகு இல்லம். படி இறங்க இயலாதவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நிழலில் விரிப்பு விரித்து லுஹர் தொழுதோம்.

ஆடி மாதத்தில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கும்போது, மலர்க் கண்காட்சி இப்பூங்காவில் நடைபெறுவது வழக்கம். கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் அவன் வீழ்த்தியதை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். இதை அம்மாவிடம் விவரித்தேன்.

"உடும்பு என்ன பாவம் செய்தது?" என்றார்கள். கல்லூரியில் எனக்கு இக்கேள்வி தோன்றவேயில்லை!

மிதிபடகில் ஏற முதலில் மறுத்தார்கள். பிறகு என் தோளைப் பற்றி ஏறி அமர்ந்தார்கள். நடுநீரில், "உங்க அத்தா இந்தத் தண்ணியப் பார்த்திருப்பாங்களா?" என்றார்கள். தெரியவில்லை என்றேன். நான் அத்தாவிடம் மலையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

நேரம் முடிந்ததென்று கரையிலிருந்து கையசைத்தார்கள். அம்மா இன்னொரு சுற்றுக்குச் சீட்டு வாங்கச் சொன்னார்கள்.