பள்ளத்தாக்கில் ஒரு போலீஸ் பாட்டி

போலீஸ் கதை என்றாலே எனக்கு ஆகாது. துப்பாக்கி, கார் துரத்தல், கடைசியில் விலங்கு! அந்த நேரத்தில் நாலு ஈடு முறுக்காவது பிழியலாம் என்று எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட என்னை 18 இரவுகள் நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டது ஓர் ஆங்கிலத் தொடர். பெயர் 'ஹாப்பி வேலி'.

லீவுக்கு வந்த என் தங்கை மகள்தான், "பெரியம்மா, இதுல போலீஸே ஒரு பாட்டிதான். ஒரு நாள் பாருங்களேன்" என்று போட்டுக் கொடுத்தாள்.

பாட்டிக்கு வயது 47தான். இங்கிலாந்தில் மேற்கு யார்க்‌ஷயரின் கால்டர் பள்ளத்தாக்கில் சீருடை அணிந்த சார்ஜென்ட், பெயர் காதரின் கேவுட். பச்சைக் குன்றும் கல் வீடுமாக ஊர் கண்ணுக்குக் குளிர்ச்சி. உள்ளேயோ போதை மருந்து அரித்துக் கொண்டிருக்கிறது. 'ஆனந்தப் பள்ளத்தாக்கு' என்பது அந்தப் பக்கத்துப் போலீஸார் கேலியாக வைத்த பெயராம்!

முதல் காட்சியிலேயே ஒரு வாலிபன் குடித்துவிட்டு, தீ வைத்துக் கொள்வேன் என்று மிரட்டுகிறான். காதரின் தீயணைக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய், அவனோடு பேச்சுக் கொடுக்கிறாள். தான் விவாகரத்தானவள், போதையிலிருந்து மீண்ட தங்கை தன்னோடு இருக்கிறாள், ஒரு பிள்ளை இறந்துவிட்டது, இன்னொன்று பேசுவதில்லை, ஒரு பேரன் உண்டு என்று குடும்பக் கதையையே ஒப்பித்துவிடுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே தொண்டை அடைத்தது.

அவளுடைய மகள் பலாத்காரத்துக்கு ஆளாகி, குழந்தையைப் பெற்றபின் தற்கொலை செய்து கொண்டவள். அந்தக் குழந்தையை வளர்க்கக் கணவன் சம்மதிக்கவில்லை. காதரின் குழந்தையைத்தான் தேர்ந்தெடுத்தாள். குடும்பம் உடைந்தது. பேரன் ரையனுக்கு எட்டு வயதாகும்போது, அவனைப் பெற்ற அந்தக் கொடியவன் வேறொரு குற்றத்துக்காகச் சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறான். கதை அங்கே சூடு பிடிக்கிறது.

கூடவே ஓர் ஆள் கடத்தல். அது தொடங்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு கணக்கர், மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கிறார். கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில், முதலாளி மகளைக் கடத்தலாம் என்று ஒருவனிடம் யோசனை சொல்லி விடுகிறார். பிறகு மனசு மாறினாலும் நிறுத்த முடியவில்லை. நம் தெருவில் இருக்கிற சாதாரண மனுஷர் மாதிரியே இருக்கிறார், அதுதான் பயம்!

எழுதியவர் சாலி வெயின்ரைட் என்ற பெண்மணி. பி.பி.சி.யில் 2014, 2016, 2023 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக, பாகத்துக்கு ஆறாக வந்தது. மூன்றிலும் ரையனாக நடித்தவன் ஒரே பையன். நம் கண்ணெதிரே வளர்ந்து வாலிபனாகிறான். காதரினாக வரும் சாரா லங்காஷயர் இதற்காக 2017லும் 2024லும் பாஃப்டா விருது பெற்றார். வேலை முடிந்து வந்து, தங்கையோடு தேநீர்க் கோப்பையுமாக அவள் உட்காரும் காட்சிகளைப் பாருங்கள். விருது எதற்கு என்று புரியும்.

இனி என் கதை. என் மகள் போய்ச் சேர்ந்தபோது பேரனுக்கு இரண்டு வயது. மாப்பிள்ளை மறுமணம் செய்துகொண்டு எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். "அப்பா துபாய்ல இருக்கார்" என்று சொல்லி வளர்த்தேன். பிறந்த நாளுக்கு நானே ஏதாவது வாங்கி, அப்பா அனுப்பினார் என்று கொடுப்பேன். இப்போது பதினோரு வயது.

பேரனிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று காதரின் படும் பாட்டைப் பார்த்தபின் எனக்கு ராத்தூக்கம் போயிற்று. மறைத்தது மறைந்தே இருப்பதில்லையே! நாளைக்கு வேறு யாரோ சொல்லித் தெரிந்தால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "அப்பா துபாய்ல இல்லைடா கண்ணா. இந்த ஊர்லதான் இருக்கார், வேற குடும்பத்தோட" என்று சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசாமலே இருந்தான்.

"அப்போ அந்தத் துபாய் பேனா?"

"நான்தான் வாங்கினேன்."

"நல்லாத்தான் எழுதுது, பாட்டி" என்றான். அன்றைக்குக் குளிக்க வெகுநேரம் எடுத்துக் கொண்டான். நான் கதவைத் தட்டவில்லை.

சகோதரிகளே, அவசியம் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் தேடிப் போட்டுக் கொடுப்பார்கள். யார்க்‌ஷயர் உச்சரிப்பு சட்டென்று பிடிபடாது. கீழே எழுத்து ஓடும்படி வைத்துக் கொள்ளுங்கள். அடிதடியும் ரத்தமும் கெட்ட வார்த்தையும் உண்டு, குழந்தைகள் தூங்கிய பிறகே பாருங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு ஒன்றோடு நிறுத்திக் கொள்வது நல்லது. எனக்குத்தான் அது முடியவில்லை. கடைசி இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, மறுநாள் சாம்பாருக்கு உப்புப் போட மறந்து போனேன்!