பெயரில்லாத தாய்மரம்

தாண்டிக்குடிக்குக் கீழே, கீழ்ப்பழனி மலைச் சரிவில் இருக்கிறது பெரியப்பாவின் காப்பித் தோட்டம். காப்பிக்கு ஊடே ஆரஞ்சு, மலைவாழை, பலா, மிளகு. களத்தின் ஓரத்தில் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். ஆடி பிறந்தால் அதன் கிளைகள் காய்ப்பாரம் தாங்காமல் தாழ்ந்துவிடும். சுற்றியுள்ள தோட்டங்களிலும் இந்த மரங்கள் உண்டு. ஒன்றின் பழத்தில் நார் அதிகம். இன்னொன்றில் கொட்டைதான் பெரிது. எங்கள் மரத்துப் பழமோ வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும்.

"இது என்ன ரகம் பெரியப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரகமெல்லாம் யாருக்குத் தெரியும்? எங்கப்பா யாரோ கொடுத்த பழத்தைத் தின்னுட்டுக் கொட்டையை ஊணி வெச்சார். முளைச்சது, காய்க்குது."

அந்தக் கொட்டை எங்கிருந்து வந்தது? அதே போன்ற மரம் இன்னொன்று வேண்டுமென்றால் என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளும் என்னை நெடுந்தூரம் இழுத்துச் சென்றன.

முதலில் பெயரைப் பிடித்துக்கொண்டு போனேன். நாம் வெண்ணெய்ப் பழம் என்கிறோம். ஆனைக்கொய்யா என்றும் தமிழில் ஒரு பெயர் உண்டு. ஆனைக்கும் இதற்கும் என்ன உறவு? சிங்களத்தில் இதன் பெயர் 'அலிகெட்ட பேர'. அங்கே 'அலி' என்றால் யானை, 'பேர' என்றால் கொய்யா. ஆனால் அந்தச் சொல்லின் பிறப்பு வேறு. ஆங்கிலேயர் இதை 'அலிகேட்டர் பேர்', அதாவது முதலைப் பேரி என்றார்கள். அதற்கும் மூலம் ஸ்பானியரின் 'அகுவாகாதே'. அதற்கும் மூலம் மெக்சிகோவின் நவாட்டில் மொழிச் சொல். மெக்சிகோவில் பிறந்த பெயர் ஆங்கிலத்தில் முதலையாகி, சிங்களத்தில் யானையின் சாயலை ஏற்று, தமிழில் ஆனைக்கொய்யாவாக நிலைத்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. மரம் வந்த வழியும் ஏறக்குறைய இதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்துதான் அது தென்னிந்திய மலைகளுக்கு வந்தது.

அடுத்து அதன் குலம். வெண்ணெய்ப் பழத்தில் மூன்று இனங்கள். மெக்சிகோ இனம் குளிர் தாங்கும், இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும், பழத்தோல் மெல்லியது. குவாத்தமாலா இனம் மலைநாட்டு மரம். தோல் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். மேற்கிந்திய இனம் தாழ்நில வெப்பத்துக்கும் உப்புத்தன்மைக்கும் ஈடுகொடுக்கும்; கொழுப்புக் குறைவு. பெரியப்பாவின் மரத்து இலையைக் கசக்கி முகர்ந்தேன். சோம்பு வாசம் இல்லை. தோலும் மழமழப்பு. ஆனால் பழத்தில் கொழுப்பு நிறைய. ஏதோ ஒரு கலப்பு என்று மட்டும் புரிந்தது.

கலப்பு ஏன் என்பதற்குப் பூவில் விடை இருக்கிறது. ஒவ்வொரு பூவும் இரண்டு முறை விரியும். முதல் முறை பெண்ணாக, மறுநாள் ஆணாக. 'ஏ' வகை மரத்தில் பூ காலையில் பெண்ணாக விரிந்து மூடிக்கொண்டு, மறுநாள் பிற்பகலில் மகரந்தத்தோடு விரியும். 'பி' வகையில் பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். ஒரு மரத்தின் பெண்பூ திறந்திருக்கும் நேரத்தில் மற்ற வகை மரத்தின் மகரந்தம் தயாராக இருக்கும். அதனால் ஒரு மரத்துக் கொட்டையிலிருந்து அதே மரம் வராது. ஒரே பழக்கூடையின் கொட்டைகளை நட்டாலும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பிள்ளை. தாயின் குணம் அப்படியே வேண்டுமென்றால் ஒட்டுக் கட்டுவது ஒன்றே வழி.

புது ரகம் உருவாக்குவது கடினம் என்பதற்கும் இந்தப் பூதான் காரணம். ஒரு பெரிய மரம் பத்து லட்சம் பூக்கள்கூடப் பூக்கும். காயாக நிற்பவை மிகச் சில. கையால் மகரந்தம் சேர்த்தாலும் பெரும்பாலானவை உதிர்ந்துபோகும். தப்பிய விதையை முளைக்கவைத்து, அது காய்க்கும்வரை பல ஆண்டுகள் காத்திருந்த பிறகே பழம் எப்படி என்று தெரியும்.

அப்படியானால் உலகின் பெரிய ரகங்கள் எப்படிக் கிடைத்தன? 1911இல் கார்ல் ஷ்மிட் என்ற இளைஞர் மெக்சிகோவின் அத்லிக்ஸ்கோ ஊரில் நல்ல மரங்களாகத் தேடி ஒட்டுக்குச்சிகளைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். 1913இல் அங்கே கடும் உறைபனி. பல ரகங்கள் கருகியபோது ஒன்று தப்பித்தது. அதற்கு 'ஃபுவெர்த்தே' என்று பேர் வைத்தார்கள். ஸ்பானிய மொழியில் 'வலியது' என்று பொருள்.

இன்று உலகச் சந்தையை ஆள்கிற ஹாஸ் ரகத்தின் கதை இன்னும் எளியது. ருடால்ஃப் ஹாஸ் கலிபோர்னியாவில் ஒரு தபால்காரர். 1920களில் விதைக் கன்றுகள் வளர்த்து அவற்றின்மேல் ஃபுவெர்த்தே ஒட்டினார். ஒரு கன்றில் மட்டும் ஒட்டு பிடிக்கவே இல்லை. வெட்டிவிட நினைத்தவர் பிறகு விட்டுவிட்டார். அது காய்த்தபோது வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பழம் பிடித்துப்போனது. 1935இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வேர் அழுகல் கண்ட அந்தத் தாய்மரம் 2002இல் வெட்டப்பட்டது. அது முளைத்த கொட்டை எந்த மரத்தினுடையது என்று ஹாஸுக்கும் தெரியாது. அதைப் படித்தபோது பெரியப்பாவின் பதில்தான் காதில் ஒலித்தது.

2019இல் ஹாஸின் மரபணுத் தொகுதியைப் படித்தறிந்தபோது அதில் ஏறத்தாழ 61 விழுக்காடு மெக்சிகோ இனம், 39 விழுக்காடு குவாத்தமாலா இனம் என்று தெரிந்தது. இரண்டும் குளிர்மலை வம்சம். வெப்பமான தாழ்நிலமாகிய ஃப்ளோரிடாவில் மேற்கிந்திய இன ரகங்களையும் அதன் கலப்புகளையும் வளர்ப்பது இதனால்தான். விலை கொடுத்து ஹாஸ் கன்று வாங்கிச் சமவெளி வெயிலில் நடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹாஸின் தாய்மரத்தைக் கொன்ற வேர் அழுகலுக்கும், தானாகத் தப்பிய மரத்தைத் தேடும் வழியில்தான் விடை தேடினார்கள். அந்த நோயின் கிருமியை 1922இல் சுமத்ராவில், வெண்ணெய்ப் பழத்தின் உறவான இலவங்கப்பட்டை மரத்தில்தான் முதலில் கண்டு விவரித்தார்கள். அது தின்ற தோப்புகளில் சாகாமல் நின்ற மரங்களைத் தேடிப் பிடித்துத்தான் நோய் தாங்கும் அடிமரங்களை உருவாக்கினார்கள்.

நம் மலையில் இந்த வேலையைச் செய்தவர்கள் உண்டா? தேடல் என்னைப் பெரியப்பாவின் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் திரட்டி வளர்த்த மரங்களிலிருந்து தேர்ந்தெடுத்ததே டி.கே.டி. 1. உருண்டையான, நடுத்தர அளவுப் பழம். மரம் அதிகம் படராது, அதனால் அடர்நடவுக்கு ஏற்றது. ஆண்டுக்கு மரத்துக்கு 264 கிலோ மகசூல், கொழுப்பு 23.8 விழுக்காடு என்று பல்கலைக்கழகம் கணக்குக் கொடுக்கிறது. குடகில் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையம் அர்கா சுப்ரீம், அர்கா கூர்க் ரவி என்ற ரகங்களைத் தந்திருக்கிறது.

ஊருக்கேற்ற ரகத்தை அந்த ஊரின் மழையும் வெயிலும் முதலில் சலித்துத் தருகின்றன. மனிதன் செய்ய வேண்டியது அதைக் கவனித்துக் காப்பாற்றுவது. அறுபது ஆண்டு ஐப்பசி மழையைத் தாங்கி நின்று காய்க்கும் ஒரு விதைமரம் சோதனை முடிந்த மரம். காப்பித் தோட்டங்களில் அப்படி எத்தனையோ மரங்கள் பெயரில்லாமல் நிற்கின்றன. நிழல் அதிகம் என்றும், வீடு கட்ட இடம் வேண்டும் என்றும் வெட்டப்படுகின்றன. வெட்டிய மரம் கொட்டையிலிருந்து திரும்பி வராது.

போன ஆண்டு எங்கள் மரத்திலிருந்து பன்னிரண்டு ஒட்டுக்குச்சிகள் எடுத்தோம், ஒன்பது தழைத்தன. உங்கள் தோட்டத்திலும் நோயின்றி ஆண்டுதோறும் நல்ல பழம் தரும் மரம் இருந்தால் அதில் ஓர் அடையாளம் கட்டுங்கள். அது பூக்கும் மாதத்தையும் காய்களின் எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள். பக்கத்து ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொல்லுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அதற்கு முன் ஒட்டுக்குச்சி எடுத்து இன்னொரு கன்றில் கட்டிவிடுங்கள்.