கைக்கு அடங்கிய துப்பாக்கி

“சொந்தமா ஒரு துப்பாக்கி வாங்கப்போறேன்” என்று நான் சொன்னதும் அம்மா தோசையைத் திருப்ப மறந்துவிட்டார். அப்பா நாளிதழிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டில் எது பெரிய கோபம் என்பது அந்த வீட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும்.

அப்பா 28 ஆண்டுகள் காவல்துறையில் வேலை பார்த்தவர். அவருடைய ரிவால்வரை நானும் தம்பியும் ஒருமுறைகூட அருகில் பார்த்ததில்லை. நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்குவார், பணி முடிந்ததும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு வருவார். சின்ன வயதில் தம்பி அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டபோது, “அது வேலைச் சாமான். வேலைய வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தீபாவளிக்குத் தம்பி கேட்ட பொம்மைத் துப்பாக்கிகூட எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான், 34 வயதில், கணக்காய்வு வேலையில் இருக்கும் நான் தோசைக்கு நடுவே இப்படிச் சொன்னேன்.

நான் வாங்க நினைத்தது காற்றுக் கைத்துப்பாக்கி. அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைத் தள்ளும் விளையாட்டுக் கருவி அது. ஆனால் சிங்கப்பூரில் ‘வெறும் காற்றுதானே’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயுதக் குற்றச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் காற்றுக் கைத்துப்பாக்கியும் இருக்கிறது. காவல்துறையின் உரிமம் வேண்டும். வாங்கினாலும் அது வீட்டுக்கு வராது. மன்றத்தின் ஆயுத அறையிலேயே தங்கும். இதை அம்மாவுக்குப் புரிய வைக்க இரண்டு வாரம் ஆனது. “வீட்டுக்கே கொண்டுவர முடியாத பொருளுக்கு எதுக்கு அவ்வளவு காசு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்த ஆசையை எனக்குள் விதைத்தது 2024 பாரிஸ் ஒலிம்பிக் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு கலப்புக் குழுப் போட்டியில் வெள்ளி வென்றாரே துருக்கியின் யூசுஃப் டிகேச், அவருக்கு அப்போது 51 வயது. அதே ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினார். ஓடத் தெரியாத, நீந்தத் தெரியாத எனக்கு, அசையாமல் நிற்பதே ஒரு விளையாட்டு என்ற செய்தி பெரிய ஆறுதலாக இருந்தது. தோழி ஒருத்தியோடு அறிமுக வகுப்புக்குப் போனேன். தோழி அன்றோடு நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை.

போன பிறகுதான் அசையாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. இலக்கு 10 மீட்டர் தொலைவில், தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். நம் ஐந்து காசு நாணயம்கூட அதைவிடப் பெரியது. துப்பாக்கியை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். மறு கை உதவிக்கு வரக்கூடாது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டுகள். ஏறக்குறைய ஒரு கிலோ எடையை அறுபது தடவைக்கு மேல் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்க வேண்டும். முதல் மாதம் அலுவலகத்தில் கணினிச் சுட்டியை இடக்கையால்தான் பிடித்தேன்.

எட்டு மாதம் மன்றத்தின் பொதுத் துப்பாக்கியிலேயே சுட்டேன். அது யார் கைக்கும் முழுதாகப் பொருந்தாது, யாரையும் முழுதாகக் கைவிடவும் செய்யாது. 600க்கு 520, 525 என்று வந்துகொண்டிருந்தது. “இனிமேல் சொந்தமாக ஒன்று வாங்கலாம். ஆனால் அவசரப்படாதே” என்றார் பயிற்றுவிப்பாளர். முதல் வாக்கியம் மட்டும் என் காதில் விழுந்தது.

மன்றத்தை விட்டு விலகிய ஒருவர் தன் துப்பாக்கியை விற்கப்போவதாகச் சொன்னார். மின்னணு விசை, பளபளக்கும் நீலக் குழல். பெரிய போட்டிகளில் பார்த்த அதே வடிவம். புதிதாக வாங்கினால் ஆகும் செலவில் பாதிக்குச் சற்று மேல். முறைப்படி உரிமம், கைமாற்று அனுமதி எல்லாம் முடித்து வாங்கினேன். கைப்பிடி ‘எம்’ அளவு. என் கை சின்னது என்று எனக்குத் தெரியும். வளையல் கடையில் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லித்தான் வாங்குவேன். துப்பாக்கிக் கடையில் மட்டும் ஏன் சொல்லவில்லை என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதல் மாதத்தில் 511. இரண்டாவது மாதத்தில் 506. மணிக்கட்டில் வலி. பத்து வட்டத்துக்கு இடப்பக்கமாகவே குண்டுகள் போய்க் கூடின. பின்குறியைத் திருகித் திருகிச் சரிசெய்வேன். மறுநாள் வேறு பக்கம் போகும். உறை போட்டுப் பூட்டி ஒப்படைக்கும்போது ஒவ்வொரு முறையும் நான் கொடுத்த வெள்ளிதான் நினைவுக்கு வரும். இந்த விளையாட்டே எனக்கு ஒத்துவராது போலிருக்கிறது என்று ஒருநாள் வீட்டில் சொல்லிவிட்டேன்.

அன்று இரவு அப்பா கேட்டார்: “சனிக்கிழமை நான் வந்து பாக்கலாமா?”

அப்பா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சுடும் இடத்துக்குப் பின்னால், பார்வையாளர் நாற்காலியில் அமராமல் நின்றே இருந்தார். அவர் முதலில் கவனித்தது குழலுக்குள் நுழைத்து வைத்திருக்கும் செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புக் கயிற்றை. உள்ளே குண்டு இல்லை என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக அது. “இது நல்ல ஏற்பாடு” என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அதுதான்.

நான் இருபது குண்டு சுட்டு முடித்ததும், “கண்ண மூடிக்கிட்டுத் தூக்கு” என்றார். பயிற்றுவிப்பாளர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் கேட்காமல் விட்ட அவருடைய பாடமும் அதுதானாம். துப்பாக்கியைப் பிடித்து, கண்ணை மூடி, வழக்கம்போல இலக்கை நோக்கி உயர்த்த வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். கைப்பிடி பொருந்தியிருந்தால் முன்குறி, பின்குறியின் பிளவுக்கு நட்டநடுவில் தானாகவே வந்து நிற்கும். என்னுடைய முன்குறி இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் இடது ஓரம்தான். அதாவது, ஒவ்வொரு குண்டுக்கும் நான் மணிக்கட்டை வளைத்துத்தான் குறியை நடுவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வலி வராமல் என்ன செய்யும்?

“கை உள்ள நீந்துது பாப்பா” என்றார் அப்பா. விரலும் விசையை எட்டவில்லை. சுட்டுவிரலின் நுனிப் பகுதியின் நடுச் சதை விசை மேல் படிந்து, நேர் பின்னால் இழுக்க வேண்டும். நான் நகத்தின் ஓரத்தால் எட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தேன். விசைக்குக் குறைந்தது 500 கிராம் எடை இருக்க வேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன்பு விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அவ்வளவு மென்மையான விசையைப் பக்கவாட்டில் தொட்டால் குழல் அசையாமல் இருக்குமா?

சிலிண்டரையும் திருப்பிப் பார்க்கச் சொன்னார் பயிற்றுவிப்பாளர். 200 பார் அழுத்தம் வரை காற்றை அடைத்து வைக்கும் உலோகக் குப்பி அது. தயாரித்த தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். பத்தாண்டுதான் அதன் ஆயுள். என்னுடையதற்கு இன்னும் ஏழு மாதமே பாக்கி. கணக்காய்வு வேலையில் ஒவ்வொரு ரசீதின் தேதியையும் பார்க்கும் நான், இதைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது எம்ஆர்டியில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. இரண்டு நிலையம் கடந்த பிறகு, நான் எதுவும் கேட்காமலே சொன்னார். 28 வருடத்தில் ஒரே ஒருமுறைதான் அதை உறையிலிருந்து எடுத்தாராம். ஒரு வீவக புளோக்கின் மாடிப்படி, நடு இரவு, எதிரில் பாராங்கத்தியோடு ஒரு பையன். பதினேழு வயதிருக்கும். “கத்தியக் கீழ போட்டுட்டான். நான் சுடல. ஆனா விரல் விசைக்குப் போயிருச்சு. எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியல. அதான் எனக்கு மறக்கல.” சற்று நேரம் கழித்து, “நீங்க அந்த விரல வைக்கிறதத்தான் மாசக்கணக்கா படிக்கிறீங்க” என்றார். பாராட்டா, வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். மன்றத்தின் அனுமதியோடு, பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் நிற்க, மூன்று துப்பாக்கிகளைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு ஸ்டெயர், ஒரு மொரினி, ஒரு ஃபெயின்வெர்க்பாவ். மூன்றுமே உலகப் போட்டிகளில் சுடப்படுபவைதான். சொல்லப்போனால், இந்தத் தரத்துக்கு வந்த பிறகு இயந்திரத்தால் குண்டு தவறுவது மிக அரிது. இறுக்கிப் பொருத்தி வைத்துச் சுட்டால் ஒரே துளைக்குள் குண்டுகளை அனுப்பக்கூடியவை. தவறுவது அதைப் பிடித்திருப்பவர்தான். அதனால் எது சிறந்தது என்ற கேள்விக்கு அங்கே பொருளே இல்லை. கண்ணை மூடி உயர்த்தினால் எது நேராக வருகிறது, நாற்பதாவது குண்டில் எதன் மூக்கு கீழே தொங்குகிறது, இந்த இரண்டைத்தான் நோட்டில் எழுதினேன்.

மின்னணு விசையா, இயந்திர விசையா என்பதில் மன்றத்தில் ஆளுக்கொரு கருத்து. மின்னணு விசை தொட்டால் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சுத்தமாக முறியும். அதற்கு மின்கலம் வேண்டும். 2021ல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் துப்பாக்கி கோளாறாகி, பழுதுபார்க்கப் பொன்னான நிமிடங்கள் போய், இறுதிச் சுற்று இரண்டு புள்ளிகளில் கைநழுவியதை ஒருவர் உதாரணம் காட்டினார். “இயந்திர விசை மட்டும் உடையாதா?” என்று இன்னொருவர். நான் இயந்திர விசையை எடுத்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மின்கலம் மாற்ற மறந்துவிடும் ஆள் நான்.

கடைசியில் வாங்கியது குழல் குட்டையான சிறிய ரகம், ‘எஸ்’ அளவுக் கைப்பிடி. நீல நிறமெல்லாம் இல்லை, கறுப்பு. பழையதை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்றதில் எனக்கு 700 வெள்ளி நட்டம். அவர் கை பெரியது. முதல் நாளே நன்றாகச் சுட்டார். சற்று எரிச்சலாகத்தான் இருந்தது.

‘எஸ்’ அளவும் அப்படியே பொருந்திவிடவில்லை. கைப்பிடி மரம், உப்புத்தாளால் தேய்க்கலாம், மரப்பசை பூசி நிரப்பலாம். கட்டைவிரலுக்குக் கீழே இடித்தது, உள்ளங்கையில் இடைவெளி இருந்தது. கைப்பிடியை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேய்க்கலாமே என்றேன். அப்பா முறைத்தார். “அதுவும் துப்பாக்கியோட பாகம்தான். அங்கேயே வச்சுச் செய்.” மரக்கட்டைக்கு என்ன சட்டம் என்று நான் வாதாடவில்லை. மூன்று சனிக்கிழமை மன்றத்து மேசையில் செய்தித்தாளை விரித்து அவரே உட்கார்ந்து தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பார், “பிடி” என்பார், என் கையைத் திருப்பிப் பார்ப்பார், மறுபடியும் தேய்ப்பார். துப்பாக்கியை மட்டும் கடைசிவரை அவர் கையில் வாங்கவில்லை. கைப்பிடியைப் பூட்டித் தரும் வேலையைப் பயிற்றுவிப்பாளரிடம் விட்டுவிட்டார்.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில் இதே 10 மீட்டர் பிரிவில் சிங்கப்பூருக்குத் தங்கம் வாங்கித் தந்த டியோ ஷுன் சியைப் போல நானும் ஆகிவிடுவேன் என்றெல்லாம் கனவு இல்லை. மணிக்கட்டு வலி போய்விட்டது. குண்டுகள் எங்கே போகும் என்பது சுடும் முன்பே ஓரளவு தெரிகிறது. தவறினால் எந்த விரல் செய்த தவறு என்றும் தெரிகிறது.

போன மாதம் மன்றத்துக்குள் நடந்த சிறு போட்டியில் 541 எடுத்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அம்மாவிடம் சொன்னேன். இத்தனை நாள் அந்த விளையாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவர், கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தார்.

“எத்தனைக்கு?”

“600க்கு.”

“அப்ப அந்த 59 எங்க போச்சு?”

அப்பா நாளிதழை மடித்து வைத்துவிட்டு, “ரெண்டாவது பத்துல கைய இறுக்கிட்டா” என்றார்.