மணத்திற்கு முன் பெங்களூரில் ஒரு நாள்

பெங்களூரை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எளிதன்று. ஊர் பெரிது; அதனினும் பெரிது தெருக்களில் நகராமல் நிற்கும் வண்டிகளின் வரிசை. ஆயினும் என் இளம் நண்பர்கள் இருவருக்கும் கிடைத்தது ஒரு நாள்தான். மணமகன் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். மணமகள் நம் அல்சூர்ப் பெண். திருமணம் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலில் நடைபெற இருக்கிறது. அந்நாட்டில் 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனப்படி மணத்தைப் பதிவு செய்தல் வேண்டும். 21 நாட்களுக்கு முன்னரே அறிவிப்பும் கொடுத்தாக வேண்டும். ஆகவே பெண் வீட்டாரைக் காண வந்த மணமகன் நாட்களை எண்ணித்தான் செலவிட்டார்.

பெண்ணின் பாட்டியார் எண்பதைக் கடந்தவர். விமானப் பயணம் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதை அவர் காணப்போவதில்லை. "அவளை அழைத்துப் போகிறவர் அவள் ஊரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்" என்று அவர்தாம் கட்டளையிட்டார். வழிகாட்டும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் அவள் ஊர் எது? அவ்வீட்டில் அப்பொழுது நடந்துகொண்டிருந்த வழக்கே அதுதான். அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். பெண் வீட்டாரின் பெயருக்கு நேரே எந்த ஊரை எழுதுவது? ஆம்பூருக்கு அருகிலுள்ள மூதாதையரின் சிற்றூரைத்தான் எழுத வேண்டும் என்பது பெரியப்பாவின் கட்சி. குலதெய்வத்திற்குப் பொங்கலிடச் செல்வது தவிர, அவ்வூரோடு அவர்களுக்கு நான்கு தலைமுறைகளாக வேறு தொடர்பு கிடையாது. "பெங்களூர் என்று போட்டால் போதாதா?" என்பது தந்தையின் கட்சி. இவ்வழக்கை நம் வாசகர் வீடுகள் பலவும் அறியும்.

காலையில் அல்சூர்ச் சோமேசுவரர் கோயிலுக்குச் சென்றோம். விசயநகரக் காலத்துத் தூண்களும், நாயன்மார் உருவங்களும், கிரிஜா கல்யாணம் என்னும் பார்வதி திருமணக் காட்சியும் அங்கே கல்லில் உள்ளன. கல்லில் திருமணம் இருக்கிறதே அன்றி, சில ஆண்டுகளாக அக்கோயிலில் மனிதருக்குத் திருமணம் செய்து வைப்பதை நிறுத்திவிட்டனர். மணமுறிவு வழக்குகளில் சாட்சி சொல்வதற்கு அர்ச்சகர்கள் அடிக்கடி நீதிமன்றம் ஏற நேர்ந்ததே காரணம் என்று 2025 டிசம்பரில் செய்தித்தாள்கள் எழுதின. "நாங்கள் இங்கே வரமாட்டோம் என்று அர்ச்சகருக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்று மணமகன் கேட்டார். பெண் சிரிக்கவில்லை. பாட்டிக்குத் தாலி கட்டிய இடம் அது. தனக்கும் அங்கேயே நடக்க வேண்டுமென்று அவள் நெடுநாள் எண்ணியிருந்தாள்.

கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் ஏரி. அருகிலேயே 1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், திருவள்ளுவர் சிலையும் உள்ளன. 1991-இல் நிறுவப்பெற்ற சிலை பதினெட்டு ஆண்டுகள் திரைக்குள்ளேயே இருந்தது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாட்கள் கழித்துக் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பெற்றது. பதினெட்டு ஆண்டுகள் ஏன் என்று மணமகன் கேட்டார். மறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. 1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி எழுந்த கலவரத்தில் தமிழர் பலர் உயிரையும் உடைமையையும் இழந்தனர். அந்நாட்களில் பெண்ணின் வீட்டார் எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்தாரின் மாடியில் நான்கு இரவுகள் தங்கியிருந்தார்கள். அதையும் அவளே சொன்னாள். அவள் பிறப்பதற்கு முன் நடந்தது; பாட்டி சொல்லக் கேட்டது.

அல்சூரில் மெட்ரோ ஏறி விதான சௌதா நிலையத்தில் இறங்கினோம். 1951-இல் நேரு அடிக்கல் நாட்ட, கெங்கல் அனுமந்தையாவின் முயற்சியால் 1956-இல் நிறைவெய்திய மாளிகை அது. மணமகன் அதைப் பல கோணங்களில் படம் பிடித்தார். நானோ அவரை எதிர்ப்புறம் திருப்பினேன். அங்கே செந்நிறத்தில் நிற்பது 1868-இல் முடிந்த அட்டாரா கச்சேரி. பதினெட்டு அலுவலகங்கள் இயங்கியதால் வந்த பெயர். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம். அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். ஏழ்மையில் வளர்ந்து பெருஞ்செல்வரான அவர் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1809-இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாற்றித் தண்டு அமைத்தனர். அதைத் தொடர்ந்து வடஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வணிகரும் கொத்தரும் சமையற்காரரும் திரளாக வந்தனர். நம் பெண்ணின் முன்னோரும் அவ்வழியே வந்தவர்களே.

பிறகு சிக்பேட்டையில் பட்டுப்புடவை எடுத்தோம். அதற்குச் சென்ற இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை.

நண்பகல் உணவு லால்பாக் சாலையில், 1924-இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸில். போர்க்காலத்தில் அரிசி கிடைக்காதபோது ரவா இட்லியைக் கண்டவர்கள் தாங்களே என்று அவர்கள் பெருமையோடு சொல்வர். 2013-இல் சிங்கப்பூரில் அவர்கள் திறந்த கிளை, மணம் நடக்கவிருக்கும் கோயில் இருக்கும் அதே சிராங்கூன் சாலையில்தான் என்றதும் பெண்ணின் முகத்தில் அன்று முதன்முறையாக ஓர் ஆறுதல் தெரிந்தது. உறவினர் பத்துப்பேர் சொல்லாத தைரியத்தை ஓர் இட்லி சொல்லிவிட்டது.

லால்பாக்கில் மணமகன் அதிகம் பேசவில்லை. ஐதர் அலி 1760-இல் தொடங்கிய தோட்டம். இன்று 240 ஏக்கர். கண்ணாடி மாளிகையைக் கடந்து, கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் பாறைமேல் ஏறினோம். அப்பாறைக்கு ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயது என்பர் நிலவியலார். கீழே கிடந்த நகரத்தைப் பார்த்தபடி, "என் கொள்ளுத்தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம். நான் அங்கே போனதே இல்லை. எங்கள் பத்திரிகையில் சிங்கப்பூர் என்றுதான் போட்டிருக்கிறது, யாரும் கேள்வி கேட்கவில்லை" என்றார். பெண் பதில் சொல்லாமல் கீழேயிருந்த சுண்டல்காரரிடம் கன்னடத்தில் விலை பேசப் போய்விட்டாள்.

மாலையில் இந்திராநகர் நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்குச் சென்றோம். சொக்கநாதர் என்றவுடன் மதுரை நினைவு வரும். இங்கே அருள்புரிபவர் பெருமாள். இக்கோயிலைப் பெங்களூர்த் தமிழர்களிலும் பலர் பார்த்திருக்கமாட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. சமயபுரத்தை அடுத்த கண்ணனூரிலிருந்து ஆண்ட போசள மன்னன் வீரராமநாதன் காலத்துக் கொடையும் அவற்றுள் ஒன்று. இவ்வூரைத் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அவை குறிக்கின்றன. கெம்பேகௌடர் 1537-இல் கோட்டை கட்டுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகள் முந்திய எழுத்து.

நம் பெண் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. சிங்கப்பூர்ப் பள்ளியில் தமிழ் கற்ற மணமகன் கல்லின் அருகே குனிந்து, தேய்ந்த வரியில் தமக்குப் புலப்பட்ட நாலைந்து எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு அவளுக்குச் சொன்னார். அறிவிப்புப் பலகையின் கன்னட வாசகத்தை அவள் அவருக்குப் படித்துக் காட்டினாள். இருட்டும் வரையில் அங்கேயே நின்றார்கள். நான் வெளியே வந்து செருப்பருகே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் பாட்டியார் விழித்திருந்தார். பார்த்தவற்றையெல்லாம் மணமகன் வரிசையாகச் சொல்லக் கேட்டுவிட்டு, "நான் பிறந்தது இந்தத் தெரு. உங்கள் தாத்தா கண்மூடியதும் இங்கேதான். அல்சூர், பெங்களூர் என்று போடுங்கள்" என்றார். பெரியப்பா முனகினார். "உன் ஊரை விடவேண்டாம், அப்பா, குலதெய்வத்தின் பெயரோடு மேலே அதை எழுதிவிடு" என்றார் பாட்டியார். பின்னர் இன்னொன்றும் சொன்னார்: "கன்னடத்திலும் அடியுங்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு நான் என் கையால் கொடுக்க வேண்டும்."

தமிழ்ப் படி அன்றிரவே அச்சகத்திற்குச் சென்றது. கன்னடப் படியின் பிழைதிருத்தத்தை மணப்பெண்ணே பார்த்தாள்.