ஆறரை மணி ரேடியோ

சிரஞ்சீவி பேரனுக்குத் தாத்தா அநேக ஆசீர்வாதம்.  

ஜனவரி மாதத்தில் பெருத்த உற்சாகத்தோடு ஒரு வருஷச் சந்தாவை முன்னதாகவே கட்டித் தேகப்பயிற்சிச் சாலையில் சேர்ந்ததையும், மூன்றாவது வாரத்துக்குமேல் அதன் வாசற்படியை மிதிக்காததையும் நீ ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தின் அடியில், உன் ஜன்னலுக்கு நேர் கீழேயுள்ள பூங்காவில், குளிரானாலும் கிழவர் கிழவிகள் இருபது பேர் காலையில் கூடி, ஒரு ரேடியோப் பெட்டியைப் பெஞ்சியின்மேல் வைத்துக்கொண்டு கை கால்களை வீசுகிறார்களே, இதென்ன கூத்து என்றும் கேட்டிருக்கிறாய். முன்னதற்கு மருந்து பின்னதில் இருக்கிறது என்பது டோக்கியோவில் இரண்டு வருஷம் இருந்தும் உனக்குத் தோன்றாமற் போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்தக் கூத்துக்கு ‘ரஜியோ தைஸோ’ என்று பெயர்; ரேடியோத் தேகாப்பியாசம் என்று பொருள். அது ஜனித்த இடம் ஜப்பான் அல்ல, நியூயார்க். அங்கே மெட்ரோபாலிடன் லைஃப் என்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் 1925இல் தங்கள் கோபுரக் கட்டடத்திலிருந்து காலைதோறும் ரேடியோ மூலம் ஜனங்களுக்கு அப்பியாசம் கற்பிக்க ஆரம்பித்தார்கள். சந்தாதாரர் நெடுநாள் ஜீவித்திருந்தால் பிரீமியமும் நெடுநாள் வருமல்லவா? பரோபகாரத்துக்கும் சுயலாபத்துக்கும் இப்படிச் சில சமயம் விவாகம் நடந்துவிடுகிறது. அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானிலோ 1916 முதல் தபால் ஆபீஸ்கள் வாயிலாக எளியவர்களுக்குச் சிறு தொகை ஆயுள் இன்ஷூரன்ஸ் நடத்திவந்த சர்க்கார் இலாகா ஒன்று இருந்தது. அதன் அதிகாரிகள் அமெரிக்க ஏற்பாட்டைக் கண்டுவந்து, சக்கரவர்த்தி ஹிரோஹிதோவின் பட்டாபிஷேக வைபவத்தை ஒட்டி, 1928 நவம்பர் 1ஆம் தேதி காலையில் தங்கள் தேசத்திலும் அதைத் தொடங்கி வைத்தார்கள். எகி ரியீச்சி என்னும் அறிவிப்பாளரின் குரல் அதன்பின் பத்து வருஷத்துக்கு மேல் ஜப்பானிய வீடுகளை எழுப்பிற்று.

ஆயினும் வீட்டுக்குள் தனியே நின்று ரேடியோவுக்குக் கீழ்ப்படிகிறவன் எத்தனை நாள் கீழ்ப்படிவான்? 1930இல் டோக்கியோவின் கந்தா பகுதியில் ஒரு போலீஸ்காரர், கோடை விடுமுறையில் குழந்தைகளைத் தெருவில் கூட்டிவைத்து இதைச் செய்விக்கத் தலைப்பட்டார். அந்தக் கூட்டம் நாடெங்கும் பரவியது. கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வந்த ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு போகும் வழக்கமும் பின்னர் வேரூன்றிற்று. இன்ஷூரன்ஸ் இலாகாவின் பெரிய யோசனையைக் காட்டிலும் அந்தக் காலணா முத்திரைக்குத்தான் நான் அதிக மரியாதை கொடுப்பேன்.

இதில் ஓர் இருண்ட அத்தியாயமும் உண்டு. யுத்தம் முற்ற முற்ற, லக்ஷக்கணக்கான ஜனங்கள் ஒரே குரலுக்கு ஒரே கணத்தில் கையைத் தூக்கும் இந்தக் காட்சி ஆட்சியாளருக்கு மிகவும் உவப்பாயிற்று. ஆரோக்கியத்துக்காக வந்தது அடக்கத்துக்கான கவாத்தாகவும் மாறியது. தோல்விக்குப்பின் அந்தக் கறை காரணமாகவே, வேறு உருவில் சிறிது காலம் நடந்தும் 1947இல் நின்றுபோயிற்று. 1951 மே மாதத்தில் மீண்டும் எழுந்தபோது அசைவுகளும் புதியவை, ஹத்தோரி ததாஷி அமைத்த பியானோ சங்கீதமும் புதியது. உன் பூங்காவில் ஒலிப்பது அதுதான். மொத்தம் 13 அசைவுகள். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். விசேஷ உடுப்போ கருவியோ வேண்டியதில்லை.

‘இருபத்தொரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, நான் பதினெட்டு நாள் செய்தேனே’ என்று அங்கலாய்த்திருக்கிறாய். அந்த 21 ஒரு சாஸ்திரமல்ல. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ரண வைத்தியர், முகத்தில் சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்று 1960இல் வெளியான புஸ்தகத்தில் எழுதியது, ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்துபோய் உலகமெல்லாம் சுற்றுகிறது. லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற அம்மையாரும் சகாக்களும் 96 பேரை வைத்துப் பரீக்ஷித்ததில், ஆளுக்கும் காரியத்துக்கும் தக்கபடி 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்றும், நடுத்தரமாக 66 நாள் என்றும் கணக்காயிற்று. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டமில்லை என்பதும் அதில் தெரியவந்தது. ஆகையால் நீ தோற்றுவிடவில்லை. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாய், அவ்வளவுதான்.

என் கதையையும் கேள். கும்பகோணத்தில் வாசம் செய்த நாட்களில் விடியுமுன் பகவத் படித்துறைக்குப் போய்க் காவேரி ஸ்நானம் செய்து வருவது எனக்கு இருபது வருஷத்து வழக்கம். ஊரார் என்னை நியமசீலன் என்றார்கள், நானும் நம்பினேன். உண்மை என்னவென்றால், எதிர்வீட்டு வாத்தியார் துண்டும் செம்புமாக வாசலில் நின்று கனைப்பார். அந்தக் கனைப்புக்குப்பின் படுத்திருக்க வெட்கமாயிருக்கும். உத்தியோக நிமித்தம் சென்னைக்கு மாற்றலாகி, குழாயடி ஸ்நானம் என்றானபோது அந்த இருபது வருஷத்து நியமம் ஒரு மாதங்கூடத் தாங்கவில்லை. சங்கல்பம் அப்போதும் இருக்கத்தான் இருந்தது. கனைக்க ஆள் இல்லை.

அந்தத் தேகப்பயிற்சிச் சாலைக்குக் கட்டிய பணத்தை மறந்துவிடு. நாளைக் காலை ஆறரைக்குப் பூங்காவுக்கு இறங்கிப் போய்க் கடைசி வரிசையில் நில். அப்போது இங்கே மணி மூன்று; எனக்கு இப்போதெல்லாம் அந்த வேளைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. படியிறங்கும்போது டெலிபோனில் கூப்பிடு, இங்கிருந்தே கனைக்கிறேன்.

இப்படிக்கு,
தாத்தா