காளிங்கராயன் கரையில் மஞ்சள் வேகும் மாசி

பவானியில் தொடங்கி ஈரோட்டைத் தொட்டுக்கொண்டு கொடுமுடிப் பக்கம் போகும் காளிங்கராயன் வாய்க்கால், 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. மாசி மாதத்தில் அதன் கரையோரம் போனால் மஞ்சள் வேகிற வாசனை வழிகாட்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் பேசுகிறோம். அந்த மஞ்சள் மூட்டைக்குள் போகிறவரை எத்தனை கை படுகிறது என்பதை இந்தப் பாதையில்தான் பார்க்க முடியும்.

முன்பெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் கொப்பரை இருக்கும். காய்ந்த மஞ்சள் தழையையும் தென்னை மட்டையையும் போட்டு எரித்து, நுரை கட்டி வெண்புகை வரும்வரை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வேகவைப்பார்கள். புகையில் கண் எரிய நின்று, கொதிக்கிற கொப்பரையிலிருந்து மஞ்சளை அள்ளிக் கொட்ட வேண்டும். இப்போது டிராக்டரில் நீராவிக் கொதிகலன் வீடு தேடி வருகிறது. டிரம்மில் மஞ்சளைக் கொட்டி ஆவியைத் திறந்துவிட்டால் சீக்கிரமே வெந்துவிடுகிறது. விறகும் தண்ணீரும் குறைவு.

ஒரு களத்தில் மஞ்சள் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், “வேலை லேசாயிருச்சா அம்மா?” என்று கேட்டேன்.

“புகை போயிருச்சுங்க சார். இடுப்பு வலி அப்படியேதாங்க இருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரி. இயந்திரம் வந்தது வேகவைக்கவும் மெருகேற்றவும்தான். கோணிச்சாக்கில் போட்டுத் தேய்த்த காலம் போய், விசையில் சுற்றும் டிரம் மெருகேற்றுகிறது. வெட்டிய கிழங்கிலிருந்து மண் உதிர்ப்பது, விரலியையும் குண்டையும் பிரிப்பது, கூடையைத் தலையில் சுமப்பது, களத்தில் பரப்பிக் கிளறுவது எல்லாம் குனிந்த முதுகோடு பெண்கள்தான் செய்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை மேடை போட்டால் நின்றபடி தரம் பிரிக்கலாம். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி இருந்தால் தலைச்சுமை போகும். நீளக் கைப்பிடி போட்ட மரப் பலகையால் நிமிர்ந்து நின்றே கிளறலாம். 10 முதல் 15 நாள் காய வேண்டிய சரக்கு இது. தினமும் குனிகிற கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொதிகலன் வாடகையைப் பேசுகிற வீட்டில் இந்தச் செலவை யாரும் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

ஆவியில் வைத்தாலும் பதம் பார்க்காமல் இருக்க முடியாது. குச்சியால் குத்தினால் சுலபமாக இறங்க வேண்டும். வேக்காடு மிஞ்சினால் நிறம் கெடும். குறைந்தால் காய்ந்தபின் நொறுங்கும். குண்டு வேக நேரமாகும் என்பதால் விரலியோடு கலக்கக் கூடாது. கொதிகலனில் அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மூட்டையை அவிழுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

அரை ஏக்கர்க்காரர்களுக்கு வேறு சிக்கல். வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் வேகவைத்துவிட வேண்டும். கொதிகலனோ பெரிய தோட்டம் முடிந்துதான் வரும். கொடுமுடிப் பக்கம் பக்கத்து வயல்காரர்கள் நாலு பேர் சேர்ந்து, ஒரே களத்துக்கு ஒரே நாளில் வண்டியை வரச்சொல்லியிருந்தார்கள். நாள் உறுதியான பிறகே வெட்டில் இறங்கினார்களாம். அவரவர் குவியலுக்கு அடையாளமாக ஆளுக்கொரு நிறத் துணியைக் குச்சியில் கட்டி நட்டிருந்தார்கள்.