கடல் எந்தப் பக்கம்?

திருவான்மியூரில் ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் அலுவலகம். இளம் வரைவாளர் ஒருவர் பென்சிலில் போட்ட கோட்டுப்படத்தை ஸ்கேன் செய்து கணினிக்குக் கொடுத்தார். நீலாங்கரைப் பக்கம் எழும்பும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுமுற்றம் அது. ‘நிழல் தரும் பெரிய மரம், கல் பாதை, புல்வெளி, மாலை வெயில்’ என்று பிராம்ப்ட் எழுதினார். தேநீர் ஆறுவதற்குள் நான்கு வண்ணப் படங்கள் வந்துவிட்டன.

எழுத்தில் சொல்வதைப் படமாக வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022-ல் வெளியானது. மறு ஆண்டு வந்த கன்ட்ரோல்நெட், நாம் போட்ட கோட்டை ஒட்டியே படம் வரைய அதற்குக் கற்றுக்கொடுத்தது. கிளையன்டுக்குக் காட்டும் ஒரு ரெண்டருக்காக நாள்கணக்கில் கண்விழித்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அலுவலகத்தை நடத்தும் அம்மையார் நான்கில் ஒன்றை அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். படத்தில் தூங்குமூஞ்சி மரம் போன்ற ஒன்று முற்றம் முழுக்கக் கிளை விரித்து நின்றது. “இதுக்குக் கீழே கார் பார்க்கிங் இருக்கு” என்றார். தோட்டத்தின் தரை என்பது கார் நிறுத்தும் தளத்தின் கான்கிரீட் கூரை. நனைந்த மண் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். மரம் நிலைக்க ஒரு மீட்டர் ஆழமாவது மண் வேண்டும். அந்தப் பாரத்துக்கு ஏற்ப ஸ்லாப் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் தூண்கள் வரும் இடங்களைப் பேனாவால் குறித்து, நடுவிலிருந்த அந்த ஒற்றை மரத்தை அடித்துவிட்டு, தூண்களின் தலைக்கு மேலே மூன்று சிறிய மரங்களை வட்டமிட்டார். அடுத்தது வாட்டம். சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். அந்தத் தண்ணீர் கட்டடத்தை விட்டு விலகி உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். படத்திலோ பாதை, புல், வாசற்படி எல்லாம் ஒரே மட்டம். 2003 முதல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில் குழியின் மூடிகூட இல்லாத முற்றம்!

வரைபடத்தைச் சோதிக்கவும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறார்கள். நடவுத் திட்டத் தாளை ஓர் உரையாடல் செயலியிடம் கொடுத்து, பிழை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தை ஒட்டி அரளி போட்டிருப்பதை அது உடனே சுட்டியது. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. பட்டியலில் பெயர் இருந்தும் பிளானில் குறி இல்லாத ஒரு செடியையும் பிடித்தது. களைத்த கண்கள் தவறவிடக்கூடியவை இவை. அதே மூச்சில், மேற்கே +0.15, கிழக்கே +0.05 என்று லெவல் போட்டிருந்த பாதையில் தண்ணீர் மேற்கு நோக்கி ஓடும் என்றும் சொன்னது. சரியையும் தவறையும் ஒரே உறுதியோடு சொல்கிறது என்பதுதான் என்னை உறுத்தியது. லெவல் படிக்கத் தெரியாதவர் கையில் அந்த அறிக்கை கிடைத்தால் மழைக்காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்.

மதியம் தளத்துக்குப் போனோம். நர்சரியிலிருந்து வந்திருந்த மூத்த தோட்டக்காரரிடம் அம்மையார் டேப்லெட்டை நீட்டினார். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மேடம், இதுல கடல் எந்தப் பக்கம்?” என்றார்.

பிளானில் வடக்குக் குறி உண்டு. அந்த அழகான படத்தில் இல்லை. கிழக்கு ஓரத்தைக் காட்டியதும், “உப்புக் காத்து நேரா இங்கதான் அடிக்கும். முன்னாடி புன்னையும் பூவரசும் நிக்கட்டும். இந்த மெல்லிசு எலைச் செடியெல்லாம் அதுங்களுக்குப் பின்னால போனாத்தான் பொழைக்கும்” என்றார். படத்தில் புல் பச்சைப்பசேலென்று இருந்த இடத்தைத் தட்டி, “இதுக்குத் தண்ணி யாரு ஊத்துவா?” என்றும் கேட்டார். அன்று நான் கேட்ட மதிப்பீடுகளிலேயே கூர்மையானது இதுதான். வரைபடத்தின் மூலையில் ‘வரைந்தவர்’, ‘சரிபார்த்தவர்’ என்று கட்டங்கள் இருக்கின்றன. நட்டு வளர்க்கப்போகிறவர் கையெழுத்திட ஒரு கட்டம் இல்லாதது பெரிய குறை என்று நினைக்கிறேன்.

வளர்ந்த மரத்தைக் காட்டி மனத்தை மயக்கும் ஆசை கணினியோடு வந்ததல்ல. இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் ஹம்ஃப்ரி ரெப்டன், 1818-ல் இறந்தவர், தன் ‘ரெட் புக்’ நூல்களில் நீர்வண்ணப் படத்தின் மேல் மடிப்புத் தாள் ஒட்டிக் கொடுத்தார். தாளைத் தூக்கினால் இன்றைய வெற்று நிலம் மறைந்து நாளைய சோலை தெரியும். ஆனால் ரெப்டனின் பக்கத்தில் இன்றைய நிலமும் இருந்தது.

இன்றைய நிலத்தையும் காட்டும் அந்த வழக்கத்தை அம்மையார் கைவிடவில்லை. கிளையன்டுக்குப் போகும் ஒவ்வொரு ரெண்டரிலும் ‘5-ம் ஆண்டு’ என்று அச்சிடுகிறார். நட்ட அன்று முற்றம் எப்படி இருக்கும் என்று கையால் வரைந்த தாளையும் இணைக்கிறார். முட்டுக்குச்சி கட்டிய ஆறடிக் கன்றுகளும் செம்மண் திட்டுகளுமாக இருக்கும் அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டாம். ஆனாலும் ஒருமுறைகூட அதை அனுப்பாமல் விட்டதில்லை என்றார்.